ஒன்பதின் மடங்கும் நஸீமா டீச்சரின் காப்பும்

போன கிழமை சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு பாலையூற்று பஸ்ஸுக்கு நின்றேன். என் பழைய பாடசாலையில் இப்போது கணிதம் படிப்பிக்கும் கீர்த்தனா ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"டீச்சர், நீங்கள் முந்தி வகுப்பில பிள்ளையளின்ர மனசை வாசிப்பீங்களாமே! ஒருநாள் வந்து எங்களுக்கும் பழக்கிவிடுங்கோவன். பாடத்தை மகிழ்ச்சியாச் செய்யோணும் எண்டு மேலிடத்தில ஒரே கரைச்சல்."

எனக்கு வந்த எரிச்சலை அவளுக்குக் காட்டவில்லை. அவள் நல்ல பிள்ளை. ஆனால் யோசித்துப் பாருங்கள். வேலை பார்த்த காலம் முழுக்க நான் இருபடிச் சமன்பாடு விளங்கப்படுத்தினேன், திரிகோணகணிதத்துக்குக் கொடிக்கம்பத்தின் நிழலை அளக்க வைத்தேன், பின்னத்தைக் கண்டால் அழுகிற பிள்ளைகளைச் சாதாரண தரப் பரீட்சையில் கரைசேர்த்தேன். அதைப்பற்றி இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை. மருந்தெடுக்கப் போனாலும் கலியாண வீட்டுக்குப் போனாலும் நான் 'மனம் வாசிக்கிற டீச்சர்'தான். ஒரு தாதி என் கையில் ஊசி ஏற்றிக்கொண்டே, "நான் இப்ப என்ன நினைக்கிறன் சொல்லுங்கோ பாப்பம்" என்று கேட்டாள். ஊசியைப் பார்த்து ஏற்று பிள்ளை என்றேன்.

ஆகையால் கீர்த்தனாவுக்கும் அவளைப்போல இனிக் கேட்க இருப்பவர்களுக்கும் ஒருதரம் முழுதாக எழுதிவிடுகிறேன்.

ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. விடுதிச் சோறு, பாடக்குறிப்பு, இடையிடையே ஊரடங்கு. வெளியே போக ஏலாத அந்த நாட்களில் என் அறைத்தோழி பொழுதுபோக்குக்குச் செய்த எண் விளையாட்டு ஒன்று எனக்கும் தொற்றியது. பிறகு நியமனம் கிடைத்தது. கப்பல்துறைப் பக்கத்தில், கண்டி வீதியிலிருந்து உள்ளே போகிற பாடசாலை. தகரக் கூரை. சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு எட்டாம் வகுப்பில் பாதி தூங்கும், மீதி தூங்குகிறதைப் பார்த்துச் சிரிக்கும். அந்த வகுப்பில் பாதிப் பேருக்குக் கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாது என்பது போய் ஒரு மாதத்துக்குள் விளங்கிவிட்டது. எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் போய் 'உனக்குக் கழித்தல் தெரியுமோ' என்று கேட்டால், தெரியும் என்றுதான் சொல்லும். வெட்கம்.

அதற்காகத்தான் விளையாட்டைக் கொண்டுவந்தேன். செய்முறை இதுதான். ஒரு பிள்ளை எனக்குக் காட்டாமல் ஓர் எண்ணை எழுதவேண்டும். நான்கு இலக்கம் போதும். 5283 என்று வைத்துக்கொள்ளுங்கள். இலக்கங்களைக் கூட்டினால் பதினெட்டு. அதை எழுதிய எண்ணிலிருந்து கழித்தால் 5265. இப்போது அந்த விடையில் ஓர் இலக்கத்தை வெட்டவேண்டும். பூச்சியத்தை மட்டும் வெட்டக்கூடாது. ஆறை வெட்டியதென்றால் மிச்சத்தை எனக்கு வாசிக்கவேண்டும், ஐந்து, இரண்டு, ஐந்து. நான் கண்ணை மூடி இரண்டு விரலை நெற்றியில் வைப்பேன். பிள்ளையின் நெஞ்சு படபடக்குமட்டும் பொறுப்பேன். பிறகு "ஆறு" என்பேன். வகுப்பு கூச்சல் போடும்.

கண்ணை மூடுவது கூட்டிப் பார்க்கத்தான். எந்த எண்ணாக இருந்தாலும் அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகையைக் கழித்தால் வருவது ஒன்பதின் மடங்கு. அதன் இலக்கங்களைக் கூட்டினாலும் ஒன்பதின் மடங்குதான். வாசித்துக் காட்டியது பன்னிரண்டு, அடுத்த மடங்கு பதினெட்டு, குறைவது ஆறு. முடிந்தது மாயம்.

இதில் எனக்கு வேண்டியிருந்தது வேறொன்று. பிள்ளை பிழையாகக் கழித்தால் நான் சொல்வதும் பிழைக்கும். "இல்லை டீச்சர், நான் வெட்டினது நாலு" என்று அது துள்ளும்போது, ஆருக்குக் கழிக்கத் தெரியாது என்று எனக்குத் தெரிந்துவிடும். அந்தப் பிள்ளையைப் பிறகு தனியக் கூப்பிட்டுக் கடன் வாங்கிக் கழிக்கப் பழக்குவேன். ஒருவருக்கும் வெட்கமில்லை, பிழைத்தது டீச்சரின் மந்திரமல்லவா.

பாடம் முடியுமுன் கரும்பலகையில் எல்லாவற்றையும் எழுதி, ஏன் ஒன்பது வருகிறது என்று விளக்கிவிடுவேன். ஒருநாள்கூட ஒளித்ததில்லை. பலன் என்ன? முன் வரிசையில் இருந்த ஒரு கெட்டிக்காரப் பிள்ளை விளக்கம் முழுவதையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "அது சரி டீச்சர், ஆனா நான் ஆறைத்தான் வெட்டினனான் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சது?" என்றது. சோக்குக் கட்டியை மேசையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கதை ஊருக்குள் போனது. முதலில் ஒரு தாய் வந்து காணாமற்போன ஆட்டைக் கேட்டா. பிறகு ஒருவர் லொத்தர்ச் சீட்டில் விழப்போகும் இலக்கம் கேட்டார். ஒருவர், "இது சூனியம், என்ர பிள்ளையை உங்கட வகுப்பில வைக்க ஏலாது" என்று வாசலில் நின்று சத்தம் போட்டார். அவருக்கும் இருந்து ஒன்பதின் மடங்கு விளக்கினேன். கேட்டு முடித்துவிட்டு, "இவ்வளவு விளங்கப்படுத்துறீங்கள் எண்டால் ஏதோ இருக்குது" என்று சொல்லிப் போனார். விளையாட்டுத்துறைக்குப் பொறுப்பான மாஸ்டர் ஆசிரியர் அறையில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருக்கமாட்டார். என்ன நினைப்பை ஒளித்தாரோ, அவருக்குத்தான் வெளிச்சம்.

இனி அதிபர். சிவபாதம் சேர். கெட்ட மனிதரல்ல. காலையில் எல்லாருக்கும் முந்தி வந்து கிணற்றடியைத் தானே கூட்டுவார். ஆனால் அவரிடம் ஒரு பழக்கம். எதையும் ஒருவரிடமும் கேட்கமாட்டார், காலைக் கூட்டத்தில் ஒலிவாங்கியில் அறிவிப்பார். உங்களுக்கு என்ன வேலை தரப்பட்டிருக்கிறது என்பதை நீங்கள் பிள்ளைகளோடு சேர்ந்து வெயிலில் நின்றுதான் அறிவீர்கள். நான் வலைப்பந்துக்குப் பொறுப்பு என்பதையும் அப்படித்தான் அறிந்தேன். வாழ்நாளில் நான் வலைப்பந்தைத் தொட்டதில்லை. போய்ச் சொன்னால் கண்ணாடியைக் கழற்றிக் கழுத்துப்பட்டியால் துடைப்பார். "சுருங்கச் சொன்னால் டீச்சர்..." என்று தொடங்குவார். அடுத்த பாடத்துக்கு மணி அடிக்குமட்டும் சுருங்கச் சொல்லுவார்.

நஸீமா டீச்சர் கிண்ணியாவிலிருந்து வந்து விஞ்ஞானம் படிப்பித்தா. ஆசிரியர் அறையில் எனக்குக் கூட்டாளி. நான் கொண்டுபோகும் புளிக்கறியும் அவ கொண்டுவரும் பொரித்த மீனும் ஒரே மேசையில்தான் பங்காகும். ஒருநாள் ஒன்பதாம் வகுப்புக்கு அமிலப் பரிசோதனை காட்ட, கையில் இருந்த பொன் காப்பைக் கழற்றி ஆய்வுகூட மேசையில் வைத்திருக்கிறா. பாடம் முடிந்தது, மணி அடித்தது, பிள்ளைகள் கலைந்தார்கள். காப்பு இல்லை. அலுமாரி, குப்பைக்கூடை, தொட்டிக் குழாய் எல்லாம் தேடினோம். அது அவவின் உம்மா கலியாணத்துக்குப் போட்ட காப்பு. அழுதா. ஆனாலும், "பிள்ளையளைச் சந்தேகப்பட வேணாம், நான்தான் எங்கயும் மறந்து வச்சிருப்பன்" என்றா.

அடுத்த நாள் காலைக் கூட்டம். அதிபர் ஒலிவாங்கியைத் தட்டினார்.

"மாணவர்களே, சுருங்கச் சொன்னால், எங்கள் ரஞ்சி டீச்சர் உங்கள் ஒவ்வொருவருடைய மனத்தையும் வாசிக்கக்கூடியவர் என்பது உங்களுக்குத் தெரியும். காப்பை எடுத்தவர் இடைவேளைக்கு முதல் தானாக வந்து ஒப்புக்கொள்ள வேண்டும். தவறினால், இடைவேளைக்குப் பிறகு டீச்சர் பெயரைச் சொல்லுவார்."

ரஞ்சி டீச்சர் நான்தான். பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த கணம் எல்லாரும் ஒரே நேரத்தில் நிலத்தைப் பார்த்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் அலுவலகத்துக்குப் போனேன். "சேர், அது கழித்தல் கணக்கு. நான் எத்தினைதரம் சொல்லியிருக்கிறன்?"

கண்ணாடி கழன்றது. "எனக்குத் தெரியும் டீச்சர். பிள்ளையளுக்குத் தெரியாதெல்லோ. இதுக்குப் பேர் உளவியல்."

"இடைவேளைக்குப் பிறகு நான் ஆரின்ர பேரைச் சொல்லுறது?"

"அதுக்குத் தேவை வராது. நீங்கள் சும்மா ஒருக்கா வகுப்புகளைச் சுத்தி நடவுங்கோ. ஒண்டும் கதைக்க வேணாம். பார்வை போதும்."

நான் நடக்கவில்லை. என் வகுப்புக்குப் போய்க் கதவடியில் கதிரையைப் போட்டு இருந்துவிட்டேன். அப்படியும் தப்ப முடியவில்லை. இடைவேளை மணிக்குக் கொஞ்சம் முந்தி ஒன்பதாம் வகுப்புத் துஷாந்தி வந்து நின்றாள். அமைதியான பிள்ளை, துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிற ஒருவரின் மகள். உதடு வெளிறிப்போயிருந்தது.

"டீச்சர், நான்தான்."

"என்ன நீதான்?"

"காப்பு."

"எடுத்தனியோ?"

"ஓம் டீச்சர்."

"எங்க இருக்குது?"

வீட்டிலோ, ஒளித்து வைத்தாயோ, ஆரிடமும் கொடுத்தாயோ என்றெல்லாம் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் இல்லையென்று தலையை ஆட்டினாள். கடைசியில், "தெரியாது டீச்சர். நீங்கள் பேரைச் சொல்லமுந்தி நானே சொல்லோணும் எண்டு வந்தனான்" என்று சொல்லிக் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

களவெடுத்த பிள்ளைக்கு எடுத்த சாமான் எங்கே என்று தெரியாமல் இருக்குமோ? எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது, இவள் எடுக்கவில்லை. ஆனால் வாசலில் நின்ற பிள்ளைகள் 'நான்தான்' என்ற சொல்லைக் கேட்டுவிட்டார்கள். மணி அடிக்குமுன் அது அலுவலகத்துக்குப் போய்விட்டது. அதிபர் வந்தார், முகத்தில் வெற்றி.

"பாத்தீங்களோ டீச்சர்? ஒரு சொல்லுக் கதைக்காமலே!"

"சேர், இந்தப் பிள்ளை எடுக்கேல்லை."

"தன்ர வாயால சொல்லியிருக்கிறாள்."

"பயத்தில சொன்னது."

"குற்றமில்லாட்டி ஏன் பயம்?"

தகப்பனுக்கு ஆள் போனது. அவர் வேலை உடுப்போடு, தலைமுடியில் மாத்தூளோடு அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தார். அதிபர் விடயத்தைச் சொல்லி, காப்பு வராவிட்டால் விடுகைப் பத்திரம் தந்து அனுப்ப வேண்டிவரும் என்றார். விடுகைப் பத்திரம் என்றால் பாடசாலையை விட்டு விலக்குவது. களவுப் பெயரோடு விலகும் பெட்டைப்பிள்ளையை அடுத்த பாடசாலை எடுக்காது. தகப்பன் மகளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"டீச்சர், நீங்கள் பாத்தனீங்களோ? உள்ளுக்க?"

"ஐயா, எனக்கு ஒருத்தற்ற உள்ளுக்கயும் பாக்கத் தெரியாது."

"நீங்கள் அவளைக் காப்பாத்தப் பாக்கிறீங்கள். வேணாம் டீச்சர். நீங்கள் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்." அவருடைய கை மேலே எழும்பியது. பக்கத்தில் நின்ற நஸீமா டீச்சர் குறுக்கே விழுந்து பிடித்துக்கொண்டா. "எனக்குக் காப்பு வேணாம்! வேணாம் எண்டுறன்! பிள்ளையில கை வைக்காதீங்க!"

அந்த அறையில் நான் சொன்னதைத் தவிர வேறு எல்லாவற்றையும் நம்ப எல்லாரும் ஆயத்தமாக இருந்தார்கள். அதிபர், தகப்பன், யன்னலில் தொங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள், எல்லாரையும்விட முதலில் துஷாந்தி. "சேர், ஒலிவாங்கியைத் தாங்கோ" என்றேன். "என்னத்துக்கு?" என்றார். "நீங்கள் ஊருக்குக் கேட்கச் சொன்னதை நான் காதுக்குள்ள சொல்லி மாத்த ஏலாது."

மணியடித்துப் பாடசாலையைக் கூட்டினோம். துஷாந்தியை மேடைக்குக் கூப்பிட்டேன். "இவ ஒண்டுக்கும் ஆயிரத்துக்கும் இடையில ஓர் எண்ணை நினைக்கப்போறா. கழித்தல் இல்லை, கூட்டல் இல்லை, வெட்டல் இல்லை. எனக்குப் பின்னால பலகையில எழுதுவா. நான் அவவின்ர மனசை வாசிச்சுச் சொல்லுறன்" என்றேன்.

ஏன் ஆயிரம் என்றால், பத்துக்குள் என்று விட்டால் தற்செயலாகச் சரியாகச் சொல்லிவிடுவேனோ என்ற பயம். கணித ஆசிரியைக்கு அந்தப் பயம் வரும். கண்ணை மூடினேன், விரலை நெற்றியில் வைத்தேன். "அறுநூற்றிப் பன்னிரண்டு."

எங்கோ பின்வரிசையில் ஒரு சிரிப்பு. திரும்பிப் பார்த்தேன், பலகையில் 45.

"இன்னொருக்கா" என்றேன். முந்நூற்றேழு என்றேன், அவள் எழுதியது 880. ஒரு நிறத்தை நினை என்றேன், பச்சை என்றேன், அவள் எழுதியது நாவல். ஒரு மீனை நினை என்றேன். சூரை என்றேன், அவள் எழுதியது பாரை. பிறகு ஒரு மரம், ஒரு ஊர், ஒரு சாப்பாடு. ஒன்றும் சரிவரவில்லை. கூட்டம் ஒவ்வொருதரமும் பெரிதாகச் சிரித்தது. சிறிய வகுப்புப் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் இருந்துவிட்டார்கள். வேறொரு நாளென்றால் அந்தச் சிரிப்புக்கு நான் பிரம்பைத் தேடியிருப்பேன். அன்றைக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஏனென்றால் மரம் வந்தபோது துஷாந்தி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். சாப்பாடு வந்தபோது அவளும் சிரித்தாள். நான் புட்டு என்றேன், அவள் எழுதியிருந்தது கொத்துரொட்டி.

மேடையில் வேறொன்றும் கேட்கவில்லை. கூட்டத்தைக் கலைத்துவிட்டு அவளை ஆய்வுகூடத்துக்குக் கூட்டிப்போனேன். தகப்பனும் நஸீமாவும் வந்தார்கள்.

"துஷாந்தி, எனக்கு உன்ர மனசுக்குள்ள பாக்கேலுமோ?"

"ஏலாது டீச்சர்."

"அப்ப இனிச் சொல்லு. காப்பை எடுத்தனியோ?"

"இல்லை டீச்சர்."

"ஏன் பின்ன எடுத்தனான் எண்டனி?"

அவள் மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றாள். "பாடம் நடக்கேக்க அது இந்த இடத்தில மினுங்கிக்கொண்டு கிடந்தது. என்ர கையில இருந்தா எப்பிடி இருக்கும் எண்டு நினைச்சனான். கனநேரம் நினைச்சனான். வீட்டுக்குப் போயும் நினைச்சனான். நீங்கள் பாத்தால் அது தெரியும்தானே? அப்ப நான்தானே எடுத்தது எண்டு..."

தகப்பன் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். முதுகு அசைந்ததைப் பார்த்தேன். நஸீமா டீச்சர் மூக்கைச் சீறிக்கொண்டு, "அட என்ர மகளே! நான் ஒவ்வொருக்காவும் நகைக்கடைக் கண்ணாடியில முகத்தை ஒட்டிக்கொண்டு நினைக்கிறதுக்கு என்னை எத்தினைதரம் மறியற்சாலையில போடோணும்!" என்றா. தகப்பன் அப்போதுதான் மகளின் தலையில் கை வைத்தார். "வா, வீட்ட போவம். கொத்து வாங்கித்தாறன்" என்றார்.

விடுகைப் பத்திரம் எழுதப்படவில்லை. துஷாந்தி தொடர்ந்து படித்தாள். சாதாரண தரத்தில் கணிதத்துக்கு 'சி' தரம் எடுத்தாள். மாயமில்லை, நியாயமான 'சி'. இப்போது கலியாணம் முடித்து இரண்டு பிள்ளைகளோடு நிலாவெளிப் பக்கம் இருக்கிறாள். காப்பு மட்டும் கிடைக்கவில்லை. ஆய்வுகூடத்துத் தரையைப் பெயர்த்து மாற்றும்போது கிடைக்குமென்று பார்த்தோம். அப்போதும் இல்லை.

கீர்த்தனா, விளையாட்டை நீ தாராளமாகச் செய். அந்தப் பாடம் முடியுமுன் கரும்பலகையில் உடைத்துக் காட்டு. அதோடு விடாதே. இடைக்கிடை, பிள்ளைகளுக்கு முன்னால், வேண்டுமென்று இல்லாமல் உண்மையாகவே பிழைத்தும் காட்டு. அதுதான் கடினம். அன்றைக்குப் பிறகு ஒவ்வொரு புது வகுப்பிலும் முதல் நாள் நான் அதைத்தான் செய்தேன். அப்படியும் பாதிப் பேர், டீச்சருக்கு இன்றைக்குச் சுகமில்லை என்றுதான் நினைத்தார்கள்.

சில வருடங்களுக்குப் பிறகு சிவபாதம் சேர் ஓய்வுபெற்றார். பிரியாவிடையில் மாலை, பொன்னாடை, கேக் எல்லாம் நடந்தது. எல்லாரும் சாப்பாட்டுப் பக்கம் போனபின் என்னைத் தனியக் கூப்பிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"டீச்சர், இந்தப் பள்ளிக்கூடத்தில நான் ஆரையும் மதிச்சனான் எண்டால் அது உங்களைத்தான்."

இத்தனை வருடத்தில் ஒரு நல்ல வார்த்தை சொல்லாத மனிதர். என் வகுப்புகளின் பரீட்சைப் பெறுபேறுகளைத்தான் சொல்லுகிறார் என்று நினைத்தேன்.

"அண்டைக்குக் காப்பு விசயத்தில நான் உளவியல் எண்டுதான் நினைச்சனான். நீங்கள் மேடையில ஏறி ஒண்டுக்குப் பின்னால ஒண்டாப் பிழையாச் சொன்னீங்கள் பாருங்கோ. அப்பதான் எனக்கு விளங்கினது. சும்மா ஒரு மனிசராலை அத்தினைதரம் தொடர்ந்து பிழையாச் சொல்ல ஏலாது. உங்களுக்குச் சரியான விடை தெரிஞ்சிருக்கோணும். எடுத்த பிள்ளையைக் காப்பாத்த உங்கட பேரையே கெடுத்தனீங்கள்." குரலைத் தாழ்த்தினார். "இனி நான் அதிபர் இல்லை. எனக்கு மட்டும் சொல்லுங்கோ. ஆர் எடுத்தது?"

"எனக்குத் தெரியாது சேர்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கண் கலங்க, என் தோளில் தட்டினார்.

"அப்பிடித்தான் சொல்லோணும் டீச்சர். கடைசிமட்டும் அப்பிடியே சொல்லுங்கோ."

நான் கேக்கில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.